குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒரு சல்யூட்

துறை விசாரணைப் பிரிவுக்கு எழுத்து வேலை பார்க்கப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். வெயிலில் பந்தோபஸ்து நின்றது போதும், இனி மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம் என்று சந்தோஷமாக வந்திருப்பீர்கள். உட்காருங்கள். ஆனால் அடிக்கடி எழுந்திருக்க வேண்டி வரும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்துவிட்டுக் காவலராகச் சேர்ந்தவன். எனக்குக் குரல் எழும்பாது. முதல் போக்குவரத்து டூட்டியில் ஒரு லாரிக்காரரைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துறீங்களா?" என்று கேட்டேன். அவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், "நீ ரோட்டுக்கு ஆவ மாட்ட. கையெழுத்து நல்லா இருக்குது, உள்ள போயி ஒக்காரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவன், ஏட்டாகி, முதுகு ஒத்துழைக்காமல் விருப்ப ஓய்வு வாங்குகிற வரை உட்கார்ந்தே இருந்தேன். பாதி சர்வீஸ், நம் ஆட்கள் மேல் நடந்த விசாரணைகளை எழுதியே போயிற்று.

தப்புச் செய்த போலீஸ்காரனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பேப்பரில் 'சஸ்பெண்ட்' என்று வந்ததும் அவனுடைய கதை முடிந்தது என்று பேப்பரை மடித்து வைக்கிறார்கள். கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாதிச் சம்பளம் வந்துகொண்டிருக்கும், டூட்டி கிடையாது, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. நான் பார்த்த வரையில் சஸ்பெண்ட் ஆனவர்கள் எல்லோரும் ஒரு சுற்றுப் பருத்துத்தான் திரும்பி வந்தார்கள்.

ஒரு சமாச்சாரத்தை மட்டும் சொல்கிறேன். அதில் உங்கள் வேலை முழுக்க இருக்கிறது.

அவர் ஒரு எஸ்.ஐ. பெயர் தனபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏற ஆரம்பித்த சமயம். வேப்பூரைத் தாண்டி ஹைவே ஓரத்தில் அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர் அதற்கு வெளியூர் போவாரா? ஒரு செராமிக் யூனிட்டுக்குப் போய், "வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணு அனுப்பி வையுங்க" என்றார். காசைப் பற்றி அவரும் பேசவில்லை, முதலாளியும் பேசவில்லை. முதலாளி மறுக்காமல் அனுப்பினார். ஆனால் காசு வராத சரக்கு என்பதால் செகண்ட்ஸில் ஒன்றை அனுப்பினார். சூளையில் வேகும்போது சட்டென்று கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த சரக்கைத் தனியாக அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் செகண்ட்ஸ்.

கிரகப்பிரவேசத்தன்று எஸ்.ஐ.யின் மாமனார் அதில் முதல் ஆளாக உட்கார்ந்தார். கனத்த மனிதர். அது இரண்டாகப் பிளந்தது. மாமனாருக்குக் காயமில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் பந்தியில் இருந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள்.

முதலாளியை அடிக்க முடியாது, அவருக்கு நாலு பேரைத் தெரியும். ஆகவே அதை வண்டியில் ஏற்றிய லோடுமேன் அருளப்பனை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சாயந்திரம் அருளப்பன் வெளியே வந்தபோது அவருடைய இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது, இனி வராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டிருந்த மனிதர். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு பாடப் போவதை நிறுத்திவிட்டார்.

அவர் மனைவி மரியபுஷ்பம் அதே யூனிட்டில் மண் அரைக்கும் மிஷினில் வேலை பார்த்தவர். அந்தம்மாதான் மனு மேல் மனு கொடுத்தார். மனு கொடுத்தது தெரிந்ததும் எஸ்.ஐ. தினமும் சாயந்திரம் புல்லட்டில் அந்தத் தெருவுக்கு வந்து, அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ஒரு சிகரெட் பிடித்து முடித்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சிகரெட் பிடிப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று யார் கேட்டாலும் அந்தம்மா ஒரே பதில்தான் சொல்வார். "அந்தாளு காக்கி போட்டுகிட்டு எங்க தெருவுல நொழையக் கூடாதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அதிகாரி முன்னால் அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் சின்ன விஷயமாகத்தான் பட்டது.

கோர்ட்டில் கேஸ் ஒரு பக்கம் நடந்தது. நடந்துகொண்டே இருந்தது, அதை விடுங்கள். நம் பக்கம் துறை விசாரணை வந்தது. எஸ்.ஐ.யை சஸ்பெண்ட் செய்தார்கள், கொஞ்ச நாளில் ஆள் பற்றாக்குறை என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விசாரணை அதிகாரி எங்கள் டி.எஸ்.பி., எழுதுகிறவன் நான்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன எழுந்திருக்கிற விஷயம் வருகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் எஸ்.ஐ., எழுதுகிறவன் ஏட்டு. அவர் அறைக்குள் வரும்போதெல்லாம் நான் எழுந்து சல்யூட் அடிக்க வேண்டும். அவர் தலையை லேசாக அசைத்துவிட்டுக் கூலிங்கிளாஸைக் கழற்றாமல் நாற்காலியில் உட்காருவார். காது போன அருளப்பன் சுவர் ஓரமாக நிற்பார், ஏனென்றால் சாட்சிக்கு நாற்காலி போடுகிற வழக்கம் இல்லை. வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால், விசாரிக்கப்படுகிறவர் அருளப்பன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு எஸ்.ஐ.யின் குற்றத்தை எழுதுகிறேன், நாளைக்கு மாற்றலில் அவருக்குக் கீழேயே போய் நிற்பேன். இரண்டும் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஏட்டு, அப்படியே டீ சொல்லிட்டு வந்துடு" என்பார் சாதாரணமாக. நானும் சொல்லிவிட்டு வருவேன்.

எஸ்.ஐ.க்கு உதவியாக ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் வந்தார். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த வேலையில் எனக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான், எதிர்த் தரப்பில் உட்கார்ந்துகொண்டு கற்றுக்கொடுத்தார். அவர் கைவைத்த கேஸில் ஒருவருக்கும் வேலை போனதில்லை என்பது ஜில்லா முழுக்கப் பேச்சு. வெற்றிலை போட்டுக்கொண்டு என்னிடம் ஒருமுறை சொன்னார்:

"ஏட்டு, இதுல சண்டை போடவே கூடாது. மரியாதையா நேரம் கேக்கணும். காப்பி கேக்கணும். குடுத்த காப்பி தெளிவா இல்லன்னு இன்னொரு காப்பி கேக்கணும். அதுக்குள்ளாற டி.எஸ்.பி. மாறிடுவாரு. புதுசா வரவரு மொத பக்கத்துலேர்ந்து படிப்பாரு. நாம ஒக்காந்திருந்தா போதும்."

சொன்னபடியே உட்கார்ந்திருந்தார்.

சான்றுப் பொருள் என்று அந்தப் பிளந்த டாய்லெட்டையும் கொண்டுவந்து விசாரணை அறையின் மூலையில் வைத்திருந்தோம். இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கொஞ்ச நாள் அதன் மேல் தொப்பி வைத்தார்கள். பிறகு பழைய பேப்பர் வைத்தார்கள். விசாரணை மழைக்காலம் தாண்டி வெயில்காலத்துக்குப் போனபோது, அலுவலக ஜீப் டிரைவர், அறை வெறிச்சென்று இருக்கிறதே என்று நல்ல மனசோடு அதில் மண் போட்டு ஒரு மணிபிளாண்ட் வைத்துவிட்டார். அது ஜன்னல் கம்பியைப் பிடித்து அழகாக ஏறிவிட்டது. மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரிகூட, "பச்சையா நல்லா வச்சிருக்கீங்க" என்றார்.

அடுத்த வாய்தாவில் ரிட்டயர்டு அய்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் செடியையே பார்த்தார். பிறகு எழுந்து, "அய்யா, எங்க கட்சிக்காரரு வாங்கினதா சொல்றது டாய்லெட்டு. இங்க இருக்கறது பூந்தொட்டி. வேரு வுட்டுப் பொளந்துச்சா, மாமனாரு ஒக்காந்து பொளந்துச்சான்னு இனிமே யாரு சொல்றது?" என்றார்.

டி.எஸ்.பி. என்னைப் பார்த்தார். நான் டிரைவர் இருந்த பக்கம் பார்த்தேன். டிரைவர் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார். சான்றுப் பொருள் அன்றோடு போயிற்று. செடி மட்டும் நெடுநாள் இருந்தது. ஆகவே, சான்றுப் பொருளுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று தினமும் ஒருமுறை பாருங்கள். சிரிக்காதீர்கள்.

அடுத்து சாட்சிகள். நம் பழக்கம் உங்களுக்கே தெரியும். சாட்சிக்குச் சம்மன் போனால் அந்தந்த ஏரியா ஸ்டேஷன் வழியாகத்தான் போகும். எஸ்.ஐ. மேல் சாட்சி சொல்ல வேண்டியவருக்கு எஸ்.ஐ.யின் ஸ்டேஷன் காவலரே சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "எப்படி வரப் போற? பஸ்ஸுல எதுக்குக் கஷ்டப்படற? நானே வந்து ஏத்திக்கிறேன்" என்று அன்பாகச் சொல்லிவிட்டும் வருவார். இதில் ஒரு தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலங்காலமாக அப்படித்தான்.

சாட்சிகள் எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்திருப்பது அறைக்குள் நுழையும்போதே தெரியும். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள். "எஸ்.ஐ. அய்யா தங்கமானவருங்க. அருளப்பன் ஸ்டேஷன் படியில கால் தடுக்கி வுழுந்துட்டான்."

ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்து, வேறு வேலையாக அந்த ஸ்டேஷனுக்குப் போனபோது படியைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம்கூட இல்லை.

அந்தச் சாட்சிகளில் முக்கியமானவர் கோவிந்தன். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. அன்றைக்கு உள்ளே டீ கொண்டுபோனவர் அவர்தான், அடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒரே வெளி ஆள். அவரும் தங்கமானவர், படி, தடுக்கல் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரோட்டு ஓரத்தில் சாக்கு கட்டிக் கடை. ஆக்கிரமிப்பு என்று எஸ்.ஐ. ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் அடுப்புகூட மிஞ்சாது.

பிறகு, வாத்தியார் சொன்னபடியே, டி.எஸ்.பி. மாறினார்.

புதிதாக வந்தவர் ஒரு பெண் அதிகாரி. டி.எஸ்.பி. அம்மா என்போம். வந்த அன்றே விசாரணைக் காகிதக் கட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சம்மன் யார் குடுக்கறாங்க?"

"ஸ்டேஷன்லேர்ந்து குடுப்பாங்கம்மா."

"எந்த ஸ்டேஷன்?"

சொன்னேன். அவர் என்னை முறைக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து, "சாட்சிங்கள மறுபடி கூப்பிடணும். இனிமே சம்மன நீங்க குடுங்க. மஃப்டியில போங்க. ஜீப் வேணாம், பஸ்ல போங்க" என்றார்.

முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது எனக்குப் பெரிய தண்டனை. மரியபுஷ்பம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தம்மாவே வெளியே வந்தார்.

"யாரு? தவணைக்காரரா?"

"இல்லம்மா. போலீஸ்."

"போலீஸா?" மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அப்படித் தெரியலியே."

சம்மனை நீட்டினேன். வாங்கவில்லை. "மறுபடியுமா? போன தடவ போயி நின்னதுக்கு எத்தினி நாளு வேலை போச்சுன்னு தெரியுமா ஏட்டய்யா? தெருவுல ஒருத்தரும் மொகம் குடுத்துப் பேசறதில்ல. எல்லாரும் வேன்ல போயி பரோட்டா தின்னுட்டு வந்தாங்க. நாங்க ரெண்டு பேருந்தான் பஸ்ஸுல வந்தோம்."

உள்ளேயிருந்து அருளப்பன், "யாரு புஷ்பம்?" என்றார்.

"உன் காதப் பத்திக் கேக்க வந்திருக்காங்க! திரும்ப!"

"வேணாம்னு சொல்லிடு. வுட்டுடு," என்றார் அவர். "நாம இங்கதானே பொழைக்கணும்."

அந்தம்மா என் கையிலிருந்து சம்மனை வாங்கிக்கொண்டார். "அதுக்குத்தான் போறேன்" என்றார், அவருக்கா எனக்கா என்று தெரியாத குரலில்.

வாய்தா அன்றைக்கு ரிட்டயர்டு அய்யா மரியபுஷ்பத்தைக் குறுக்கு விசாரணை செய்தார். டி.எஸ்.பி. அம்மா சாட்சிக்கு நாற்காலி போடச் சொல்லியிருந்தார், அதிலேயே அய்யாவின் முகம் பாதி சுருங்கிவிட்டது.

"ஏம்மா, மண் அரைக்கிற மிஷினு பயங்கரமா சத்தம் போடும் இல்ல?"

"போடுங்க."

"அந்தச் சத்தத்துல காது போறது சகஜந்தானே?"

"மிஷினு கிட்ட நிக்கறது நாந்தாங்க. அவரு வெளிய லோடு ஏத்தறவரு. காது போறதுன்னா எனக்கில்ல போயிருக்கணும்?"

அய்யா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "சரி. உன் புருஷன அடிச்சத நீ கண்ணால பாத்தியா?"

"வெளிய வேப்பமரத்தடியில நின்னேன். சத்தம் கேட்டேன்."

"பாத்தியா?"

"...பாக்கலங்க."

"அவ்ளோதாம்மா. வெளிய போயி ஒக்காரு."

அந்தம்மா எழுந்திருக்கவில்லை. தான் சொன்னது போதாது என்று புரிந்து, வேறு என்ன சொல்லலாம் என்று தேடுகிற முகம். அவ்வளவு நேரம் நிமிர்ந்து பேசியவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருளப்பன்தான் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப் போனார். இனி கோவிந்தன் ஒருவர்தான் மிச்சம். அவரும் தங்கமானவர் கட்சி.

கோவிந்தனுக்கும் சம்மனை நான்தான் கொடுத்தேன். ஆனால் அவருக்குப் பாடம் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்ததுமே, யாரும் கேட்காமல், "எஸ்.ஐ. அய்யா தங்கமானவருங்க" என்று ஆரம்பித்தார்.

"தெரியும். எழுதியிருக்காங்க," என்றார் டி.எஸ்.பி. அம்மா. "நீங்க அன்னைக்கு டீ எப்படிக் கொண்டுபோனீங்க?"

கோவிந்தன் விழித்தார். இது பாடத்தில் இல்லை. "கம்பி வளையத்துலதாங்கம்மா. கிளாஸ் மாட்டற வளையம்."

"யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"எஸ்.ஐ. அய்யாவுக்கு, ரைட்டருக்கு, வாசல்ல பாரா நிக்கறவருக்கு. அப்பறம் அய்யா, பாவம் அவனுக்கும் ஒண்ணு குடுன்னாரு. அருளப்பனுக்கு."

எஸ்.ஐ. புன்னகை செய்தார். தங்கமானவர் என்பதற்கு ஆதாரம் தானாக வருகிறதே. ரிட்டயர்டு அய்யாவும் சும்மா இருந்தார்.

"கிளாசெல்லாம் திரும்ப எடுத்துகிட்டுப் போனீங்களா?"

"எங்கங்க எடுத்தேன்?" கோவிந்தன் குரல் சட்டென்று மாறியது. அதுவரை ஒப்பித்தவர், இப்போதுதான் பேசினார். "புது கிளாசும்மா. கும்பகோணத்துக்குப் போனப்ப வாங்கியாந்தது, கனமான கிளாசு. அதுல ஒண்ணு ஒடஞ்சு போச்சு. ஒருத்தராவது, ஏம்பா கிளாசு ஒடஞ்சுதேன்னு கேட்டாங்களா?"

"எப்படி ஒடஞ்சுது?"

"அருளப்பன் கையிலேர்ந்து வுழுந்துச்சுங்க. நான் சொன்னேன், அவன் குடிச்சு முடிக்கட்டும் அய்யா, அப்பறமா அடிங்க, கிளாசு என்னுதுன்னு. கேட்டாரா? வாயில டீ இருக்கும்போதே பளார்னு..."

கோவிந்தன் தான் சொன்னதைத் தானே கேட்டார். ரிட்டயர்டு அய்யாவின் தாடை அப்படியே நின்றது. ஜில்லா முழுக்கச் சாட்சிகளுக்குப் பாடம் எடுத்தவர், அடியைப் பற்றி அத்தனையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிளாஸைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்.

நான் எழுதிவிட்டிருந்தேன். கோவிந்தன் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். கையெழுத்து மட்டும் வாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டி.எஸ்.பி. அம்மாவின் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அதிலிருந்தே மேலிடம் என்று தெரிந்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். அறைக்குள் எஸ்.ஐ., ரிட்டயர்டு அய்யா, கோவிந்தன், நான் மட்டும் இருந்தோம்.

எஸ்.ஐ. கூலிங்கிளாஸைக் கழற்றினார். முதல் தடவையாக அவர் கண்களைப் பார்த்தேன், சாதாரணக் கண்கள்தான்.

"ஏட்டு."

எழுந்து நின்றேன். அட்டென்ஷன்.

"கடைசி வரிய அடிச்சுடு. கையெழுத்து இல்லாதது வாக்குமூலமே இல்ல. ஒனக்குத் தெரியாததா?"

தைரியசாலியாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்தது, மேலதிகாரி பேசும்போது கீழே இருப்பவன் விறைப்பாக நிற்க வேண்டும், குனியக் கூடாது என்பது மட்டும்தான். பேனாவும் தாளும் கையிலேயே இருந்தன. தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

"என்னா நிக்கற? ஒக்காந்து அடிய்யா."

நின்றேன்.

"ஏட்டு, ஒன் புள்ளைங்க எந்த ஸ்கூலு?"

இன்னும் விறைப்பாக நின்றேன். அவர் பேசப் பேச நான் நிற்க வேண்டியதுதானே முறை? நின்றுகொண்டு எப்படி அடித்து எழுதுவது?

ரிட்டயர்டு அய்யாதான் முதலில் சிரித்தார். "வுடு தனபாலு. நீ பேசறத நிறுத்தினாத்தான் அவன் ஒக்காருவான். நீ நிறுத்தினா அவன் ஏன் அடிக்கப் போறான்?"

டி.எஸ்.பி. அம்மா திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. போனில் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

"ஏன் நிக்கறீங்க?"

"அய்யா பேசிகிட்டிருக்காருங்கம்மா," என்றேன்.

அவர் என்னையும் எஸ்.ஐ.யையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுதியதைக் கோவிந்தனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"இது நீங்க சொன்னதுதானே?"

கோவிந்தன் எஸ்.ஐ.யைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மரியபுஷ்பம் வாசற்படிக்கு வந்து நின்றிருந்தார், அவரைப் பார்த்ததும் கோவிந்தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"கிளாசு ஒடஞ்சது நெஜந்தாங்கம்மா," என்றார். அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. கையெழுத்துப் போட்டார். அது போதுமானதாக இருந்தது.

தம்பி தங்கைகளே, வாக்குமூலத்தை முடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கலாம் என்று இருக்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் வாங்கிவிடுங்கள். போன் எப்போது அடிக்கும் என்று தெரியாது. டி.எஸ்.பி. அம்மா அறிக்கையை அனுப்பிய கையோடு அவருக்கும் மாற்றல் வந்தது. நல்ல இடமில்லை. அவர் கிளம்பும்போது நான் சல்யூட் அடித்தேன், இந்தத் தடவை கை தானாகவே எழுந்தது.

குற்றம் நிரூபணம் என்று ஆன பிறகு என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள். முதலில் பணியிலிருந்து டிஸ்மிஸ் என்று உத்தரவு வந்தது. உடனே அப்பீல். அப்பீலில், நெடுநாள் சர்வீஸ் செய்தவர், குடும்பஸ்தர், வீடு வேறு கட்டியிருக்கிறார் என்றெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த வீடு, அதில் என்ன பிளந்தது என்று யாரும் கேட்கவில்லை. டிஸ்மிஸ் என்பது கட்டாய ஓய்வு என்று குறைந்தது. வேலை கிடையாது, பென்ஷன் உண்டு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் எழுந்தது. கூலிங்கிளாஸோடு எஸ்.ஐ. சிரித்துக்கொண்டிருந்தார். 'மாசற்ற பணி முடித்து ஓய்வு பெறும் எங்கள் அண்ணனை வாழ்த்துகிறோம்.' பிரியாணி விருந்து நடந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்தும் போனார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டேன்.

புகார் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. உத்தரவின் நகல் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்குப் போகும், காது போனவருக்குப் போகாது. அதன் மேல் 'இரகசியம்' என்று சிவப்பு முத்திரை வேறு குத்தியிருந்தது, குத்தியதும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், நானாகப் பஸ் ஏறிப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"கட்டாய ஓய்வும்மா," என்று என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். "இத நான் சொல்லக் கூடாது. உங்க மனசுல வச்சுக்குங்க."

"அப்படின்னா? ஜெயிலா?"

"இல்ல. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பென்ஷன் வரும்."

"பென்ஷன் வருமா?" என்றார் அந்தம்மா. எனக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது. பிறகு, "காக்கி?" என்றார்.

"காக்கி கெடையாதும்மா. இனிமே போட முடியாது."

அருளப்பன் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா சொல்றாரு? புஷ்பம், என்னா சொல்றாரு ஏட்டய்யா?"

மரியபுஷ்பம் எழுந்து அவருடைய வலது பக்கமாகப் போய், நல்ல காதருகே குனிந்து, நான் கேட்டுக்கொண்டதற்காக ரகசியமாக முணுமுணுத்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"என்னாது?"

"காக்கிய கழட்டிட்டாங்களாம்யா!"

"யாருக்கு?"

இந்தத் தடவை அந்தம்மா மூச்சை இழுத்து, மண் அரைக்கும் மிஷின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய குரல் அத்தனையையும் போட்டுக் கத்தினார்.

"தனபால் எஸ்.ஐ.க்கு! காக்கிய கழட்டிட்டாங்களாம்! இனிமே அவன் போலீஸு இல்லியாம்!"

வெளியே தெருவில் நடந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. எதிர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ அணைத்தார்கள். நான் கையை அசைத்து, மெதுவா, மெதுவா என்று காட்டினேன்.

ஜன்னலில் ஒரு பெண் முகம் தெரிந்தது. இத்தனை நாளும் முகம் கொடுத்துப் பேசாத தெரு அது.

"என்னா புஷ்பம் அக்கா? நெசமாவா?"

"ஏட்டய்யாவே வந்து சொல்றாரு!"

"இவருக்குக் கேட்டுச்சா?" என்று அந்தப் பெண் அருளப்பனைக் காட்டிக் கேட்டாள்.

அருளப்பன் அவள் பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தார். "கேக்கல," என்றார். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."